சுரங்கமும் சித்திரமும்: வேல்ஸ் நாட்டுக் கலைப் பரிசு ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

தமிழ்ச் சங்க மலருக்குக் கட்டுரை என்றால் சங்க இலக்கியம், காப்பியம், பக்தி இலக்கியம் என்று எழுதுவதுதான் நம்மிடையே வழக்கம். இந்த முறை ஓவியத்தைப் பற்றி எழுதத் துணிந்தேன். நான் ஓவியனும் இல்லை, கலைக்கல்லூரிப் பக்கம் போனவனும் இல்லை. ராபர்ட்சன்பேட்டையில் பாத்திர வியாபாரம். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்டதுதான் எல்லாம். ஆனாலும் தங்கவயல் தமிழர்கள் இந்தப் பரிசைப் பற்றி அறிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. காரணம் போகப்போகத் தெரியும்.

பரிசும் அது பிறந்த மண்ணும்

பிரிட்டனின் மேற்கே இருக்கும் சின்ன நாடு வேல்ஸ். அதன் தலைநகரம் கார்டிஃப். அங்கே 2002இல் 'ஆர்ட்டெஸ் முண்டி' என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. லத்தீன் மொழியில் 'உலகின் கலைகள்' என்று பொருள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பல நாட்டுக் கலைஞர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் படைப்புகளைக் காட்சிக்கு வைத்து, ஒருவருக்கு 40,000 பவுண்டு கொடுக்கிறார்கள். மனித வாழ்வின் நிலையைப் பற்றிப் பேசும் கலையாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. முதல் பரிசு 2004இல் சீனக் கலைஞர் ஷூ பிங்குக்குப் போனது.

தெற்கு வேல்ஸ் நிலக்கரி பூமி. 1913இல் செங்ஹெனித் சுரங்க வெடிப்பில் 439 தொழிலாளர்கள் ஒரே நாளில் மாண்டார்கள். 1966இல் அபர்வான் என்ற ஊரில் சுரங்கக் கழிவு மேடு மழையில் சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. செத்தவர்கள் 144 பேர், அதில் 116 பேர் குழந்தைகள். சயனைடு மேட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. டவர் என்னும் சுரங்கத்தை அரசாங்கம் மூடியபோது, தொழிலாளர்களே தங்கள் பணிநீக்கப் பணத்தைப் போட்டு 1995இல் வாங்கி நடத்தினார்கள். கரி தீர்ந்ததும் 2008 ஜனவரியில் அதுவும் மூடப்பட்டது. நம்ம சுரங்கம் மூடியது 2001 பிப்ரவரி 28.

ஆக, சுரங்கம் ஓய்ந்த மண்ணில் முளைத்த பரிசு இது. யாருக்கெல்லாம் கொடுத்தார்கள் என்று பார்க்கும்போதுதான் நமக்கும் அதற்கும் உள்ள உறவு புரிகிறது.

மைசூர்க்காரர் ஹர்ஷா

டவர் சுரங்கம் மூடிய அதே 2008இல் பரிசு பெற்றவர் என்.எஸ். ஹர்ஷா. 1969இல் மைசூரில் பிறந்து, மைசூரிலும் பரோடாவிலும் படித்தவர். நாம் வாழ வந்த மாநிலத்துக்காரர். அவருடைய கையெழுத்து என்று சொல்லத்தக்கது கூட்டம். 1999 முதல் 2001 வரை வரைந்த 'வருகிறோம், சாப்பிடுகிறோம், தூங்குகிறோம்' என்ற மூன்று பாகப் படத்தில் மனிதர்கள் வரிசை வரிசையாக இருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் துணியில் அச்சடித்த பூ மாதிரி இருக்கும். கிட்டே போனால் ஒருத்தர் மாதிரி இன்னொருத்தர் இல்லை. உடை வேறு, உடம்பு வேறு, உட்காரும் தோரணை வேறு. கொஞ்சம் குறும்பும் உண்டு. ஆயிரம் பேரை வரைந்தாலும் ஆயிரம் தடவை தனித்தனியாகத் தூரிகை பிடிக்கும் பொறுமை அது.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது புதுக்கோட்டைப் பக்கம் உள்ள சித்தன்னவாசல். 9ஆம் நூற்றாண்டு என்று சொல்லப்படும் அந்தத் தாமரைக் குளத்து ஓவியம் எங்கள் சமணர் குகைக் கோயிலின் விதானத்தில் இருக்கிறது. தெய்வ சபைக்குப் பூக் கொண்டுபோகும் காட்சி என்பார்கள். ஆனால் ஓவியர் பாடுபட்டு வரைந்திருப்பது குளத்தில் இறங்கிப் பூப் பறிக்கிறவர்களை. வேலை செய்கிறவன் கையும் தோளும் எப்படி வளையும் என்று பார்த்து வரைந்த கை அது.

நிலக்கரி வீட்டுப் பிள்ளை பச்புதே

2021ஆம் ஆண்டுக் காட்சியில் ஆறு பேர். அவர்களில் ஒருவர் பிரபாகர் பச்புதே. 1986இல் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் பிறந்தவர். குடும்பம் தலைமுறை தலைமுறையாக நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தது. பச்புதே கரியைக் கையில் எடுத்துச் சுவரில் வரையத் தொடங்கினார். வேல்ஸ் காட்சிக்காக அந்த நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களின் போராட்ட வரலாற்றைத் தேடிப் பார்த்து, அவர்கள் ஊர்வலத்தில் தூக்கிப்போன கொடிப் பதாகைகளின் வடிவத்திலும் படைப்புகளைச் செய்தார். நோய்த்தொற்றுக் காலம் என்பதால் காட்சி முதலில் இணையத்தில்தான் திறந்தது. அதனால்தான் ராபர்ட்சன்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு நானும் பார்க்க முடிந்தது.

அவர் வரையும் ஆட்களில் பலருக்கு முகம் கிடையாது. தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கருவி, ஒரு விளக்கு, ஒரு வீடு. முதல் பார்வையில் எனக்குச் சங்கடமாக இருந்தது. யோசித்தால் அதிலும் உண்மை இருக்கிறது. கம்பெனிக் கணக்கில் தொழிலாளி என்பவன் ஒரு கை, ஒரு ஷிப்டு, அவ்வளவுதானே?

பங்கு போட்ட பரிசு

அந்த ஆண்டு நடுவர்கள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆறு பேருக்கும் தலா 10,000 பவுண்டு கொடுத்தார்கள். ஊரெங்கும் பிழைப்பு நின்றுபோன காலம் என்பதால் அப்படிச் செய்தார்கள். 2015இல் வென்ற அமெரிக்கக் கலைஞர் தியாஸ்டர் கேட்ஸ், தன் பரிசைக் கூடப் போட்டியிட்ட ஒன்பது பேரோடும் தானாகவே பங்கிட்டார். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்வோர் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. கேட்ஸ் செய்தது வென்றவனின் தர்மம். நடுவர்கள் செய்ததில் கருணை இருந்தது, மதிப்பீடு விடுபட்டுப் போனது. சமணத்தில் அநேகாந்தவாதம் என்போம். ஒரு பொருளைப் பல பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும் என்பது அதன் பொருள். எல்லாப் பக்கமும் ஒரே எடை என்று அது சொல்லவில்லை. பணத்தைச் சமமாகக் கொடுத்துவிட்டு, யார் படைப்பில் என்ன சிறப்பு, எங்கே குறை என்று தனித்தனியாக எழுதிவைத்திருந்தால் அந்த ஆறு பேருக்கும் இன்னும் மரியாதையாக இருந்திருக்கும்.

2024 ஜனவரியில் பரிசு மறுபடியும் ஒருவருக்கே போனது. அவர் பசிபிக் கடலில் உள்ள பூகன்வில் தீவைச் சேர்ந்த தலோய் ஹவினி. அந்தத் தீவில் செம்பும் தங்கமும் எடுத்த பங்குனா சுரங்கம் 1972இல் உற்பத்தியைத் தொடங்கி, மக்கள் எதிர்ப்பால் 1989இல் நின்றது. பின்னால் பெரிய உள்நாட்டுப் போரும் நடந்தது. ஹவினியின் படங்களில் சுரங்கத்தைவிட, அது கெடுத்த ஆறுகள்தான் முன்னால் நிற்கின்றன.

நமக்கு எது வேண்டும்?

மூன்று பேர், மூன்று வழி. ஹவினி மண்ணை வரவழைக்கிறார். பச்புதே சுரங்கம் மனிதனை என்ன செய்தது என்று காட்டுகிறார். ஹர்ஷா சுரங்கத்தை வரையவே இல்லை, மனிதர்களை எண்ணிக் காட்டுகிறார். தங்கவயலுக்கு எது பொருந்தும் என்று கேட்டால் நான் ஹர்ஷா பக்கம்தான் நிற்பேன்.

ஏனென்றால் நம்மிடம் மேடும் இருக்கிறது, துருப்பிடித்த சாஃப்டும் இருக்கிறது. அவற்றைப் படம் பிடிக்க ஆட்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். 2018இல் வந்த 'கே.ஜி.எஃப்.' கன்னடப் படத்துக்கு நம்ம ஊர் பேராகப் பயன்பட்டது. 2024இல் வந்த பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' வட ஆர்க்காட்டிலிருந்து வந்த முதல் தலைமுறையைப் பேச முயன்றது, அதற்கு நன்றி. ஆனால் சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, வேகும் சூட்டில், பாறை எப்போது வெடிக்குமோ என்று வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருத்தருக்கும் ஒரு முகம் உண்டு. கடைசியாகக் கூண்டில் இறங்கியவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. அவர்கள் பிள்ளைகள் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், ராத்திரி திரும்புகிறார்கள். பாட்டனிடம் கேட்டு எழுத அவர்களுக்கு எங்கே நேரம்?

கார்டிஃப்காரர்கள் மாதிரி 40,000 பவுண்டுக்கு நாம் எங்கே போவது? அது வேண்டியதும் இல்லை. நமது சங்கங்கள் பொங்கலுக்குப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைக்கின்றன. கோலம், காளை, திருவள்ளுவர் என்று தலைப்புக் கொடுக்கிறோம். ஒரு வருஷம் தலைப்பை மாற்றிப் பாருங்கள். சுரங்கத்தில் வேலை பார்த்த ஒருவரை, அவர் வீட்டுக்கே போய், எதிரில் உட்கார்ந்து வரைந்துகொண்டு வரச் சொல்லுங்கள். படத்துக்குக் கீழே அவர் பெயர், எந்தச் சாஃப்டு, எத்தனை வருஷம் என்று எழுதச் சொல்லுங்கள். நடுவர்கள் பரிசும் கொடுக்கட்டும், ஏன் கொடுத்தோம் என்று காரணமும் சொல்லட்டும். வந்த படங்கள் அத்தனையையும் அடுத்த மலரில் அச்சிட்டால், பெயர்களோடு நம்ம ஊருக்கு ஒரு வரிசை கிடைக்கும். பிற்காலத்தில் ஹர்ஷாவைப் போல ஒரு ஓவியர் நம்மிடையே பிறந்தால், அவருக்கு அது ஆதாரமாக இருக்கும்.