உடல்நலப் பழக்கத்தின் முதல் வெற்றிகள்: யாழ்ப்பாணமும் தமிழ்நாடும்

உணவையும் நடையையும் உறக்கத்தையும் சீர்செய்யத் தொடங்குபவருக்கு முதலில் கிடைக்கும் பலன்கள் மிகச் சிறியவை. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்காதிருப்பது, இரவில் இடையில் விழிக்காமல் உறங்குவது, பின்னேரச் சோர்வு வராமல் போவது, இடைவார் ஒரு துளை உள்ளே போவது என்று அவை ஒவ்வொன்றாக வரும். பெரும்பாலும் எடை குறையுமுன்பே வந்துவிடும். வந்ததைக் கண்டுகொண்டவர் பழக்கத்தைத் தொடர்கிறார். கண்டுகொள்ளாதவர், ஒன்றும் குறையவில்லை என்று சில வாரங்களிலேயே விட்டுவிடுகிறார். ஆகவே கண்டுகொள்வதும் பழக்கத்தின் ஒரு பகுதியே. இலங்கையிலும் இந்தியாவிலும், குறிப்பாக யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும், அது வெவ்வேறு வழிகளில் நடக்கிறது.

எடையை மட்டும் பார்ப்பது ஏன் போதாது என்பதற்கு உடலியலில் காரணம் உண்டு. முதல் வாரத்தில் குறையும் எடையில் பெரும்பகுதி நீர். அதன்பின் எடை சில காலம் அசையாமல் நிற்பது இயல்பு. உள்ளே நடக்கும் மாற்றங்கள் அதற்காகக் காத்திருப்பதில்லை. ஒருமுறை விரைந்து நடந்தாலே தசைகள் இன்சுலினுக்கு இணங்கும் தன்மை ஒன்றிரண்டு நாட்களுக்குக் கூடுகிறது. உப்பைக் குறைத்தால் சில வாரங்களுக்குள் குருதி அமுக்கம் இறங்கத் தொடங்குகிறது. புகைப்பதை நிறுத்திய 20 நிமிடங்களுக்குள் இதயத்துடிப்புத் தணிகிறது.

இதற்குச் சிறந்த சான்று இந்தியாவிலிருந்தே கிடைத்தது. சென்னையைச் சேர்ந்த வைத்தியர் ஏ. ராமச்சந்திரனின் குழு, நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006 இல் முடிவுகளை வெளியிட்டது. உணவையும் உடலுழைப்பையும் மாற்றிக்கொண்டவர்களிடம் நீரிழிவு தோன்றும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடையிலோ சொல்லத்தக்க குறைவு இல்லை. எடை நின்ற இடத்தில் நிற்கும்போதும் உடல் தேறிக்கொண்டிருக்கலாம் என்பதை அது காட்டியது. கொழும்பு நகர்ப்பகுதியில், 40 வயதுக்கு மேற்படாதவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆலோசனை பெற்றவர்கள், ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பெற்றவர்களைவிட நல்ல நிலையில் இருந்தனர். அடிக்கடி பார்க்கவும் கேட்கவும் ஓர் ஆள் இருப்பது பலனைக் கூட்டுகிறது.

தமிழ்நாட்டில் இம்முயற்சி பெரும்பாலும் பொதுவெளியில், கூட்டமாக, எண்களோடு நடக்கிறது. 2023 நவம்பர் 4 அன்று தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின்படி 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீற்றர் நடைபாதைகள் குறிக்கப்பட்டன. பூங்காக்களில் எட்டு வடிவத்தில் பாதை போட்டு, அதில் திரும்பித் திரும்பி நடப்பதும் அங்கே பரவியுள்ளது. நடை முடிந்து வாசலுக்கு வந்தால் அருகம்புல் சாறும் சுக்குக் காபியும் கிடைக்கும். தேநீர்க்கடையில் ‘ஒரு வித்அவுட்’ என்றால் சர்க்கரை இல்லாத கோப்பை வரும். வேறு விளக்கம் தேவையில்லை. அன்றைய அடிகளின் எண்ணிக்கை கைபேசியிலிருந்து வாட்ஸப் குழுவுக்குப் போகிறது. இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவை, படித்தவர், படிக்காதவர் என்றில்லாமல் பலரும் சொல்கிறார்கள். வெளியிலிருந்து போய்ப் பார்ப்பவருக்கு இந்த உற்சாகம் வியப்பளிக்கும்.

அரசின் பங்கும் அங்கே பெரியது. 2021 ஓகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து மாத்திரையும் கொடுக்கிறார்கள். மருந்து வாசலுக்கே வரும் இத்தகைய ஏற்பாடு இலங்கையில் இந்த அளவில் இல்லை. நடக்க முடியாத முதியவருக்கு இது பெரும் உதவி.

இதனால்தானோ என்னவோ, சென்னைக்குப் போய்வரும் யாழ்ப்பாணத்தவர் ஒரு குறையை அடிக்கடி கேட்க நேர்கிறது: இலங்கைத் தமிழருக்கு நடைப்பயிற்சியும் தெரியாது, அளவு பார்க்கவும் தெரியாது, தேங்காய்ப்பாலும் சீனியும்தான் தெரியும் என்பதே அது. நீரிழிவு இரு நாடுகளிலும் பெரிய சுமை என்பது உண்மைதான். ஆனால் அளவு பார்க்கத் தெரியாது என்பது சரியன்று. யாழ்ப்பாணத்தின் அளவைகள் கைபேசியில் இல்லாமல் அன்றாட வேலைகளுக்குள் இருக்கின்றன. அதனால் வெளியாரின் கண்ணில் அவை படுவதில்லை.

சைக்கிள் இதற்கு முதல் எடுத்துக்காட்டு. யாழ்ப்பாணம் மேடு பள்ளமற்ற நிலம். ஏறிப் பார்க்க மலை இல்லை. இங்கே உடலைச் சோதிப்பது காற்று. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பண்ணைத் தாம்போதியில் தீவுப்பக்கம் சைக்கிள் மிதிப்பவருக்கு இருபுறமும் கடல். மறைப்பு எதுவும் இல்லை. தொடங்கும்போது பாதி வழியில் இறங்கி உருட்டுபவர், சில வாரங்களின் பின் இறங்காமல் மண்டைதீவுச் சந்தியை அடைகிறார். இன்னும் சில வாரங்களில் பக்கத்தில் வருபவரோடு கதைத்துக்கொண்டே மிதிக்கிறார். மூச்சு முட்டாமல் பேச முடிகிறதா என்பது உடற்பயிற்சியின் கடுமையை அறிய மருத்துவம் ஏற்றுக்கொண்ட சோதனை. கைபேசியில் பலர் எண்ணும் 10,000 அடி என்ற இலக்கோ 1965 இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவ ஆய்வில் பிறந்ததன்று.

தேநீர் இரண்டாவது எடுத்துக்காட்டு. யாழ்ப்பாணத்து வீடுகளில் சீனி போடாத பிளேன்ரீயை ஒரு துண்டு பனங்கட்டியோடு குடிக்கும் வழக்கம் உண்டு. பனங்கட்டியும் சர்க்கரைச் சத்துத்தான். நீரிழிவு உள்ளவருக்கு அது மருந்தாகாது. ஆனால் இனிப்பு கோப்பைக்கு வெளியே, உள்ளங்கையில் இருக்கிறது. முழுத்துண்டு அரைத்துண்டாகி, அரைத்துண்டு ஒரு கடியாகி, கடைசியில் கட்டி டப்பாவிலேயே இருந்துவிடுவதை வீட்டிலுள்ள எல்லோரும் பார்க்கிறார்கள். கோப்பைக்குள் கரைந்த கரண்டிக் கணக்கை இவ்வளவு தெளிவாகக் காண முடியாது. ஒரு பை பனங்கட்டி முன்பைவிடக் கூடுதல் நாள் வருவதும் ஒரு வெற்றிதான்.

மூன்றாவது, சாப்பாடு. தீட்டாத சிவப்பரிசிச் சோறு, குரக்கன் புட்டு, முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், இலைக்கஞ்சி ஆகியவை யாழ்ப்பாணத்துக் குசினிக்கு அந்நியமல்ல. காலையில் பாணை விட்டுக் குரக்கன் புட்டுக்கு மாறியவர், பதினொரு மணிக்கு ‘கடிக்க’ ஏதும் தேடாததை முதல் வாரத்திலேயே உணர்கிறார். தமிழ்நாட்டில் கேழ்வரகுக் களிக்கும் கம்பங்கூழுக்கும் மாறியவர்களும் இதையே சொல்வார்கள். புட்டுக்கும் களிக்கும் தானியம் ஒன்றே; இங்கே குரக்கன், அங்கே கேழ்வரகு அல்லது ராகி.

பெயர்கள் வேறுபடுவது இத்துடன் நிற்பதில்லை. தமிழ்நாட்டில் ‘சுகர்’, ‘பிபி’ என்றால், யாழ்ப்பாணத்தில் ‘சலரோகம்’, ‘பிறசர்’. அங்கே இளைத்தல் உடல் மெலிதல். இங்கே இளைக்கிறது என்றால் மூச்சு வாங்குகிறது. மெலிந்தவரைப் பார்த்து இங்கே ‘என்ன தம்பி, மெலிஞ்சு போனீர், ஏதும் வருத்தமே?’ என்பார்கள். அங்கே ‘என்ன சார், இளைச்சிட்டீங்க, சுகரா?’ என்பார்கள். கேள்வி அக்கறையில் பிறந்தது. ஆனால் அதைக் கேட்டுக் கலங்கி மறுபடி சோற்றைக் கூட்டுபவர் இரு ஊரிலும் உண்டு. முன்பே வீட்டாரிடம் சொல்லி வைத்தால் அந்தக் கேள்வியையே முதல் வெற்றியாக எடுத்துக்கொள்ளலாம்.

இலங்கையிலும் எழுத்தில் அளக்கும் வழி உண்டு. அரச மருத்துவமனைகளின் மாதாந்தக் கிளினிக்குக்குக் கொண்டுபோகும் கொப்பி அது. பழைய நாட்காட்டித் தாளில் உறை போட்டு, வெற்றிலைப் பெட்டிக்குப் பக்கத்திலோ சாமியறையிலோ பத்திரமாக வைத்திருப்பார்கள். திகதிக்கு நேரே அமுக்கம், சீனி, மருந்து என்று ஆண்டுக்கணக்கில் ஒரே கொப்பியில் வரிசையாக இருப்பதால், ஏறியதும் இறங்கியதும் பக்கம் புரட்டினால் தெரிந்துவிடும். கிளினிக்கும் மருந்தும் இலவசம். நோய் வருமுன் பரிசோதிக்க 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களும் நாடெங்கும் அமைக்கப்பட்டன. 2016 ஓகஸ்டில் இனிப்புக் குடிபானங்களுக்கு நிறக்குறி கட்டாயமாயிற்று: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை. அந்நாளில் இந்தியாவில் அத்தகைய கட்டாயக் குறி இருக்கவில்லை. சோடாப் போத்தலைத் திருப்பி நிறம் பார்த்து வாங்கும் பிள்ளை, வீட்டின் முதல் வெற்றியைக் கடையிலேயே பெற்றுவிடுகிறது.

கால அளவிலும் இரு ஊருக்கும் தத்தம் வழக்கம் உண்டு. தமிழ்நாட்டில் சித்த மருந்தும் விரதமும் பெரும்பாலும் ஒரு மண்டலம், அதாவது 48 நாள் என்று கணக்கிடப்படும். யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் பல வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) சமைப்பதில்லை. அதிகாலை எழுந்து கோயிலுக்கு நடந்து போவோரும் அந்நாட்களில் பலர். கட்டாயப்படுத்தாமல் ஓர் ஊரே பழக்கம் மாறும் காலம் அது. திருவிழா முடிந்த பின்னும் அதிகாலை எழுச்சியைக் கைவிடாதவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். பழக்கம் தானாக நிகழச் சராசரியாக 66 நாள் ஆகும் என்று 2009 இல் வெளியான ஓர் இலண்டன் ஆய்வு கண்டது. ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஆகவே மண்டலமும் திருவிழாவும் தொடக்கங்களே. அவற்றின் முடிவில் நிற்காமல் தொடரவேண்டும்.

சிறு வெற்றிகளைக் கொண்டாடுவதில் ஓர் எச்சரிக்கையும் தேவை. உறக்கமும் மூச்சும் பசியும் தேறுவதை உடல் உணர்த்தும். குருதி அமுக்கமும் குருதியிலுள்ள சீனியும் ஏறியிருந்தாலும் பெரும்பாலும் உணர்த்தா. ‘இப்ப சுகமாயிருக்கு’ என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துபவர்கள் யாழ்ப்பாணத்திலும் உண்டு, தமிழ்நாட்டிலும் உண்டு. மருந்தைக் குறைப்பது வைத்தியரின் முடிவாகவே இருக்கவேண்டும். காற்றும் பனங்கட்டியும் சொல்வது ஒருவரை நாளும் தொடர வைக்கும். கொப்பியில் உள்ள எண் அவர் சரியான வழியில் போகிறாரா என்று காட்டும். தமிழ்நாடு எண்ணை நன்றாகக் கற்றுத் தந்திருக்கிறது. எண் மாறுவதற்கு முந்திய வாரங்களில் மனம் தளராமல் இருக்க, யாழ்ப்பாணத்தின் அன்றாட அளவைகள் கூடுதலாக உதவும்.