வீதியின் படமும் வீதியின் மனிதரும்

யாழ்ப்பாணத்து வீதிகளின் பழைய ஒளிப்படங்களைச் சேகரிப்பதும், ஒருவருக்கொருவர் அனுப்பி மகிழ்வதும் இன்று பெருவழக்காகிவிட்டன. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வாழும் நம்மவர் இல்லங்களிலே மணிக்கூட்டுக் கோபுரம் கண்ணாடிச் சட்டத்துள் நிற்கின்றது. மாட்டு வண்டி செல்லும் காங்கேசன்துறை வீதி, ஓடு வேய்ந்த கடைவரிசை, குடைபிடித்து நடக்கும் பெரியவர் ஆகிய காட்சிகளைக் கண்டதும், “அதுவன்றோ பொற்காலம்!” என்ற பெருமூச்சு எழுகின்றது.

இப்பெருமூச்சை இகழ்வது நம் நோக்கமன்று. வீட்டை இழந்தவன் வீதியை நினைந்து ஏங்குவது மனித இயல்பு. ஆயினும் ஏக்கம் வேறு, வரலாறு வேறு. ஒரு சிறுகதையை மதிப்பிடும்போது, யார் எழுதினார், யாருக்காக எழுதினார், எதனை எழுதாது விட்டார் என்று கேட்கின்றோம். ஒளிப்படத்தையும் அவ்வாறே கேட்டல் வேண்டும்.

முதலில், கமெரா யார் கையில் இருந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது பெரும்பாலும் துரைமார், மிசனரிமார், வணிக நிறுவனத்தார் ஆகியோர் கையிலேயே இருந்தது. 1890இல் தொடங்கிய பிளாட்டே நிறுவனம் இலங்கைக் காட்சிகளை அஞ்சலட்டைகளாக்கி விற்றது. வாங்கியோரில் பலர் கப்பலேறி வந்த பயணிகள். அவர்களுக்கு வேண்டியது அழகிய காட்சி. அக்காட்சியிலே நின்ற மனிதனின் பெயரன்று. நாம் இன்று கண்ணீர் மல்கப் பார்க்கும் மணிக்கூட்டுக் கோபுரமும், 1875இல் இலங்கைக்கு வந்த வேல்ஸ் இளவரசரின் நினைவாக எழுப்பப்பட்டதே. ஆள வந்தோர் தம் வருகைக்கு நாட்டிய சின்னம் ஆளப்பட்டோரின் ஊர்ப்பற்றுக்கு அடையாளமாக மாறிய விந்தையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஸ்கொத்லாந்திலே ஓர் உதாரணம் உண்டு. கிளாஸ்கோ நகரின் சீர்திருத்த நிர்வாகம் நெருக்கமான பழைய குடியிருப்புகளை இடிக்க முனைந்தபோது, அவற்றைப் படமெடுக்குமாறு தோமஸ் அனன் என்பாரைப் பணித்தது. 1868க்கும் 1871க்கும் இடையில் அவர் எடுத்த படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. ஒளி போதாத அச்சந்துகளிலே படம் பதிய நெடுநேரம் பிடித்தது. அதனால் கல்லும் சுவரும் தெளிவாக விழுந்தன. அசைந்த மனிதரோ வெறும் நிழற்கறைகளாயினர். வறியவர் வாழ்ந்த வீதியின் படத்தில் வறியவரே மங்கிப்போயினர். தொழில்நுட்பக் குறையால் விளைந்த இந்நிகழ்ச்சி, பழைய படங்கள் அனைத்துக்கும் பொருந்தும் ஓர் உண்மையை உணர்த்துகின்றது.

அனனின் வீதிகளுக்கு முதலில் கமெரா வந்தது, பின்னர் கடப்பாரை வந்தது. நமக்கோ நெருப்பு முந்திக்கொண்டது. 1981 மே 31 இரவு பொலிசார் தொடங்கிய வெறியாட்டத்திலே சந்தைக் கடைகள் எரிந்தன; ஈழநாடு அலுவலகம் எரிந்தது; 1959இல் திறக்கப்பட்ட பொது நூல்நிலையம் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் கிடைத்தற்கரிய ஏட்டுச்சுவடிகளோடும் சாம்பராயிற்று. கோட்டையினுள் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயம் 1990இன் போரில் அழிந்தது. ஆகவே எஞ்சிய ஒவ்வொரு படமும் நமக்குச் சாட்சிப் பத்திரமாகும். இவ்வீதி இருந்தது, இந்நூல்நிலையம் இருந்தது என்று எவரும் மறுக்கமுடியாதபடி அது நின்று சொல்கின்றது. படங்களைத் தேடித் திரட்டுவோர்க்கும், 2005 முதல் நம் நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமமாக்கிவரும் நூலகம் நிறுவனத்தார்க்கும் நாம் கடப்பாடுடையோம்.

ஆனால் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விடலாமா? படத்திலே ஒரு தேநீர்க் கடை தெரிகின்றது. வாங்குகள் தெரிகின்றன. அவ்வாங்குகளில் யார் அமரலாம், யார் வெளியே நின்று போத்தலிலோ பேணியிலோ வாங்கிக் குடிக்கவேண்டும் என்ற விதி படத்தில் விழவில்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னும் அவ்விதி மாய்ந்துவிடவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டவர்கள் பொலிசாரின் தடியடியைத் தாங்கியே நடக்க நேர்ந்தது. தேநீர்க் கடைகளிலும் ஆலய வாயில்களிலும் தொடர்ந்த போராட்டங்களிலே உயிர்களும் பலியாயின. பொற்காலம் என்போர் அது யாருடைய பொற்காலம் என்பதைச் சொல்லக் கடமைப்பட்டவர்.

கமெரா காட்டாததை நம் எழுத்தாளர் காட்டினர். கஸ்தூரியார் வீதியிலே சலூனில் தொழில் செய்த டொமினிக் ஜீவா 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். கே. டானியல் ‘பஞ்சமர்’ நாவலைத் தந்தார். இவர்களைப் போன்றோரின் படைப்புகளை ‘இழிசனர் இலக்கியம்’ என்று எள்ளியவர் அன்று இருந்தனர். எனினும் வீதியின் முழு உருவத்தை அறிய விரும்புவோன் இன்று அப்படைப்புகளையே நாடவேண்டியிருக்கின்றது. படத்தோடு கதையையும் சேர்த்துப் படித்தாலன்றி வீதி நமக்கு விளங்காது.

இன்னொரு மௌனமும் உண்டு. அதைக் கலைப்பது நமக்கு எளிதன்று. படத்திலுள்ள இரும்புக்கடைகளையும் தையற்கடைகளையும் நடத்தியோரில் முஸ்லிம் மக்கள் பலர். 1990 ஒக்டோபர் 30இல் விடுதலைப் புலிகள் அவர்களை இரண்டு மணி நேரத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறப் பணித்தனர். சோனகத்தெரு வெறிச்சோடியது. ஐந்தாண்டுகள் கழித்து, 1995இல், அதே ஒக்டோபர் 30இல் தமிழ் மக்களும் மழையினூடே வலிகாமத்தை விட்டு வெளியேறினர். நம் வெளியேற்றத்தைப் படங்களின் கீழே உருக்கமாக எழுதும் நாம், அயலவர் வெளியேற்றத்துக்கு ஒரு வரியேனும் எழுதாமல் விடுவது நேர்மையாகுமா? எரித்தவனைக் குற்றஞ்சாட்டும் உரிமை நமக்கு உண்டு. நம் வீதியிலே நம் பெயரால் நிகழ்ந்ததை ஒப்புக்கொள்ளும்போதுதான் அவ்வுரிமை வலுப்பெறும்.

ஆசிரிய நண்பர்களும் மாணவர்களும் இதிலே செய்யக்கூடிய பணி பெரிது. ஊரின் பழைய படமொன்றை வகுப்பறைக்குக் கொண்டுவருக. இக்கடை யாருடையது, இவ்வாங்கில் அமர மறுக்கப்பட்டவர் யார், இவ்வீட்டார் எந்த ஆண்டில், யாரால் வெளியேற்றப்பட்டனர், இத்தெருவைக் கூட்டியவர் எங்கே குடியிருந்தார் என்று முதியோரிடம் கேட்டு எழுதுமாறு பிள்ளைகளைத் தூண்டுக. கேட்கத்தக்க முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்கள் சொல்வதைப் படத்தின் பின்புறத்தில் எழுதிவைப்பது இன்றே தொடங்கவேண்டிய வேலை.