பழைய கன்ட்ரோலுக்குப் புதிய புரோகிராம்

சிஎன்சி இயந்திரத்தின் இரும்புக்கும் அதன் கணினிக்கும் ஆயுள் ஒன்றல்ல. 1980களின் பிற்பகுதியில் ஃபேனக் 0 வரிசைக் கன்ட்ரோலோடு வந்த மில்லிங் இயந்திரத்தின் வார்ப்படம் இன்றும் அசையாமல் நிற்கும். நினைவகமோ காகித நாடாவின் நீளத்தில் அளக்கப்பட்ட காலத்தது: 80 மீட்டர் என்றால் ஏறக்குறைய 32,000 எழுத்துகள். இன்று கேம் (CAM) மென்பொருள் ஒரு மோல்டுக்கு எழுதித் தரும் புரோகிராம் பல மெகாபைட்.

 திருவள்ளூர் மாவட்டத்தில் இரும்பு வேலை நடப்பது காக்களூர் சிட்கோ, கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம். அங்கே ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு பட்டறைக்குப் புது இயந்திரத்தின் கடன் தவணையைவிடப் பழையதன் தொல்லை தாங்கக்கூடியது. அந்தக் கணக்கில் தவறில்லை. எந்த வேலைக்கு என்பதில்தான் சிக்கல்.

ஆர்எஸ்-232 கேபிள் வழியாகப் புரோகிராமைத் துளித்துளியாக அனுப்பிக்கொண்டே வெட்டுவது பழகிய வழி. துளையிடவும் நேர்கோட்டில் வெட்டவும் இது தாராளமாகப் போதும். வளைந்த மோல்டில் கதை வேறு. 9600 பாட் வேகத்தில் வினாடிக்குச் சுமார் 900 எழுத்துகள் போகும். வரிக்கு 20 எழுத்து, நகர்வு 0.1 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 270 மி.மீ. மட்டுமே வெட்ட முடியும். ஃபீடு 2000 என்று வைத்திருந்தாலும் டூல் அடுத்த வரிக்காக நின்று நின்று போகும். நின்ற இடமெல்லாம் தழும்பு. மிச்சம் பிடித்த பணம் பாலிஷ் கூலியில் கரையும். எர்த் சரியில்லாத இடத்தில் போர்ட்டே எரிந்துபோவதும் உண்டு.

பிளாப்பி டிரைவ் உள்ள எம்பிராய்டரி இயந்திரம் போன்றவற்றுக்கு, அந்த டிரைவின் இடத்தில் பொருத்தும் எமுலேட்டர் நல்ல தீர்வு. சோனி 2011இல் பிளாப்பி விற்பனையையே நிறுத்திவிட்டது. எமுலேட்டர் பென் டிரைவை 1.44 மெகாபைட் துண்டுகளாக்கி எண்ணிட்டுக் காட்டும். கன்ட்ரோலைத் தொட வேண்டியதில்லை. ஆனால் எந்த எண்ணில் எந்தப் புரோகிராம் என்பது பெரும்பாலும் ஆபரேட்டரின் தலைக்குள்தான். அவர் விடுப்பெடுத்த நாளில் திருத்தத்துக்கு முந்தைய டிசைன் ஓடிவிடலாம். சுவரில் ஒட்டிய ஒரு பட்டியல் போதும், அதை எழுதத்தான் ஆளில்லை.

விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடும் கன்ட்ரோலை நெட்வொர்க்கில் இணைப்பது வசதியானது, ஆபத்தும் அதில்தான் அதிகம். எக்ஸ்பிக்கான ஆதரவு ஏப்ரல் 2014இல் முடிந்தது. ஆகஸ்டு 2018இல் தைவானின் சிப் நிறுவனமான டிஎஸ்எம்சியின் ஆலைகளிலேயே, புதிதாகச் சேர்த்த கருவியோடு நுழைந்த வானாக்ரை வகை வைரஸ் உற்பத்தியை நிறுத்தியது. ஊரெல்லாம் சுற்றிவரும் பென் டிரைவை நேரே செருகுவதும் அதே ஆபத்துதான். கோப்பை வைரஸ் சோதனை செய்து அனுப்ப, இணைய இணைப்பில்லாத தனிக் கணினி ஒன்று இடையில் இருக்க வேண்டும்.

ஆகவே, துளை, தட்டைப்பரப்பு வேலைகளுக்குப் பழைய கன்ட்ரோலைத் தொடரலாம். மோல்டு வேலைக்குக் கன்ட்ரோலை மாற்றுவதே லாபம். எந்த வழியானாலும் பாரமீட்டர் பிரதி முதலில் எடுக்கப்பட வேண்டும். ஃபேனக் 0 வரிசையில் நினைவக பேட்டரியை மின்சாரம் இருக்கும்போதே மாற்ற வேண்டும்; அணைத்துவிட்டுக் கழற்றினால் புரோகிராமோடு பாரமீட்டரும் அழிந்துபோகும்.