கழகம் யாருடையது?

'கழகம்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு முகங்கள் உண்டு. வள்ளுவர் 'சூது' என்னும் அதிகாரத்தில் அச்சொல்லை ஆளும்போது அது சூதாடும் இடத்தைக் குறிக்கின்றது. கம்பர் கோசல நாட்டைப் பாடும்போது அதுவே இளைஞர் கலை பயிலும் இடத்தைக் குறிக்கின்றது. அக்கம்பர் பாட்டில் இளமகளிர் பந்து பயிலும் இடமும் உடன் பேசப்படுவதை ஆசிரியர்கள் அறிவர். இன்று நாம் காற்பந்துக் கழகம் என்று எழுதும்போது எந்த முகத்தைக் கருதி எழுதுகின்றோம்? பயிலும் இடத்தையா, பணயம் வைக்கும் இடத்தையா?

இவ்வினா வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பினாங்கு அணியை நெஞ்சில் வைத்துப் போற்றுவோர், காப்பிக் கடைகளிலும் அரங்கின் படிகளிலும் அமர்ந்து நெடுநாளாகப் பேசிவருவது இதைத்தான். கழகம் யாருடையது? அதை ஆள்வோர் யாருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்? அணியின் ஏற்றத்திற்கும் தாழ்விற்கும் ஆட்சிமுறையே காரணமா? இவற்றிற்கு ஆதரவாளர் கூறும் விடைகளை எடுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏற்றமும் தாழ்வும்

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். மலாயாக் கிண்ணத்தைப் பினாங்கு 1953, 1954, 1958 ஆகிய ஆண்டுகளில் வென்றது. மலேசியக் கிண்ணம் எனப் பெயர் மாறிய பின்னர் 1974இல் பேராக்கை வீழ்த்தி மீண்டும் வென்றது. மியூனிக் ஒலிம்பிக்கில் 1972இல் ஆடிய நாட்டின் அணியில் இடம்பெற்ற நாமாட் அப்துல்லா, ஷஹாருடின் அப்துல்லா என்னும் உடன்பிறந்தார் பினாங்கு தந்த செல்வங்கள். லீக் பட்டம் 1982, 1998, 2001 ஆகிய ஆண்டுகளில் கிட்டியது. 2002இல் எஃப்.ஏ. கிண்ணம் வந்தது.

அதன் பின்னர் வந்தது நீண்ட இறங்குமுகம். 2013இல் நாம் மூன்றாம் தளத்தில் ஆடிக்கொண்டிருந்தோம். படிப்படியாக ஏறிச் சூப்பர் லீக்கை எட்டிய அணி 2017இல் அங்கே கடைசி இடம் பெற்று இறங்கியது. 2020இல் பிரீமியர் லீக் பட்டம் வென்று திரும்பியது. 2021இல் சூப்பர் லீக்கில் மூன்றாம் இடம். மறு ஆண்டே மீண்டும் கடைசி இடம்!

ஆறே ஆண்டுகளில் இத்துணை ஏற்றத்தாழ்வு கண்ட ஆதரவாளன், 'ஆள்வோர் சரியில்லை' என்று கூறுவது இயல்பே. ஆனால் இயல்பான கூற்றெல்லாம் ஆராய்ந்த கூற்றாகிவிடாது. 2021இல் அணி மூன்றாம் இடம் பெற்றபோது ஆட்சிமுறையைக் குறைகூறியவர் எத்தனை பேர்? வெற்றியின்போது வாயடைத்துத் தோல்வியின்போது மட்டும் வாய்திறப்பது, முடிவைக் கண்டு முறையை எடைபோடுவதாகும். நல்லாட்சி உள்ள கழகமும் தோற்கலாம். தீய ஆட்சி உள்ள கழகமும் சில காலம் வெல்லலாம். ஆட்சிமுறை உறுதியாகத் தீர்மானிப்பது வெற்றியை அன்று; கழகம் நாளை உயிரோடிருக்குமா என்பதையே. இவ்வேறுபாட்டைப் பலர் காண்பதில்லை. ஆதரவாளர் வாதத்தின் முதற்குறை இதுவே.

மூன்று கருத்துகள்

ஆதரவாளரிடையே மூன்று கருத்துகள் வழங்குகின்றன. ஒன்று, 'அரசே அணியைத் தாங்கவேண்டும்' என்பது. இரண்டு, 'பெரும் செல்வர் ஒருவர் வாங்கினால் குறை தீரும்' என்பது. மூன்று, 'ஆதரவாளரே ஒன்றுகூடிப் பங்கு பெற்றுக் காவலராக இருக்கவேண்டும்' என்பது.

முதற்கருத்துப் பழமையானது. மலேசியாவில் மாநிலச் சங்கங்களின் தலைமையில் அரசியல் தலைவர்களும் அரச குடும்பத்தினரும் அமர்வது நெடுநாள் வழக்கம். துங்கு அப்துல் ரஹ்மான் 1951 முதல் 1974 வரை நாட்டின் காற்பந்துச் சங்கத்திற்கே தலைவராக இருந்தார். அவ்வழக்கத்தால் விளைந்த நன்மையை மறுப்பது நன்றியன்று. எனினும், அரசின் பணத்தில் வாழும் அணி அரசின் மனநிலைக்கேற்ப வாழும். மேலும், அப்பணம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் உரிய பொதுப்பணம். 2021ஆம் ஆண்டுப் பருவத்தையொட்டி மாநிலச் சங்கங்களின் அணிகள் தனிக் கழகங்களாகப் பிரிக்கப்பட்டது, இச்சார்பைக் குறைக்க எழுந்த முயற்சியே.

இரண்டாம் கருத்தின் வலுவின்மையை அண்மைக் காலமே காட்டிவிட்டது. தனியார் கைக்குப் போன கிளந்தான் அணி 2024ஆம் ஆண்டுப் பருவத்திற்கு உரிமம் பெறவில்லை. 2025இல் பேராக்கும் ஸ்ரீ பகாங்கும் சூப்பர் லீக்கிலிருந்து விலகின. கெடா உரிமம் பெறத் தவறியது. நெடிய மரபு கொண்ட மாநிலங்களின் பெயர்கள் ஓரிரு பருவங்களில் பட்டியலிலிருந்து மறைந்ததைக் கண்டோம்.

நம்மவர் கதை ஒன்றும் உண்டு. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் சார்பில் எழுந்த மிஃபா அணி மூன்றாம் தளத்திலிருந்து ஏறி, 2017இல் பிரீமியர் லீக்கில் ஆடியது. 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்னும் புதுப்பெயருடன் சூப்பர் லீக்கில் நுழைந்தது. தோட்டத்துத் திடல்களில் பந்துதைத்த தலைமுறையின் கனவு நிறைவேறியது என்று மகிழ்ந்தோம். 2022ஆம் ஆண்டுப் பருவத்தோடு அக்கழகம் போட்டியிலிருந்து விலகிற்று. அன்று அதை ஆதரித்தோர் கையில் அதைத் தடுக்க ஒரு வாக்கும் இல்லை. விலகுவதற்குமுன் அவர்களைக் கேட்கவேண்டும் என்ற விதியும் இல்லை. கைதட்டும் உரிமை ஒன்றே இருந்தது.

ஆகவே மூன்றாம் கருத்திற்கு வருகின்றோம்.

அயல்நாட்டுப் பாடம்

இங்கிலாந்தில் ஆதரவாளர் காப்பமைப்பு முதன்முதல் நார்தாம்ப்டன் நகரில் 1992இல் தோன்றியது. விம்பிள்டன் அணியை வேற்றூருக்குக் கொண்டுசெல்ல 2002இல் இசைவு தரப்பட்டபோது, அதன் ஆதரவாளர் புதிதாக ஓர் அணியைத் தொடங்கி, ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் முறையில் ஆண்டனர். ஒன்பதாம் தளத்தில் தொடங்கிய அவ்வணி 2011இல் தொழில்முறை லீக்கை எட்டியது; 2020இல் தன் பழைய தெருவுக்கே திரும்பியது. போர்ட்ஸ்மத் கழகம் கடனில் மூழ்கியபோது 2013இல் ஆதரவாளரே அதை மீட்டனர். செர்மனியில் கழகத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினரிடமே இருக்கவேண்டும் என்பது பொதுவிதி.

இவற்றைக் கூறுவோர் மறுபக்கத்தையும் கூறவேண்டும். மீட்ட போர்ட்ஸ்மத்தை 2017இல் ஓர் அமெரிக்கச் செல்வருக்கு விற்க ஆதரவாளரே வாக்களித்தனர். மேலேற வேண்டிய பணம் தம்மிடம் இல்லை என்பதை உணர்ந்தனர். எப்ஸ்ஃபிளீட் என்னும் சிறு கழகத்தை 2008இல் ஆளுக்கு 35 பவுன் செலுத்தி ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் வாங்கினர். புதுமை தீர்ந்ததும் உறுப்பினர் தொகை ஆண்டுதோறும் தேய்ந்தது. 2013இல் கழகம் கைமாறியது. ஸ்வான்சியில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியாக வைத்திருந்த ஆதரவாளர் அமைப்பை ஒதுக்கிவிட்டு 2016இல் பிற பங்குதாரர் கழகத்தை விற்றனர். பங்கு இருந்தும் தடுக்கும் உரிமை இல்லையேல் பயன் சிறிதே என்பது இதனாற் பெறப்படும்.

'அறக்கட்டளை' என்னும் சொல்

இவ்வமைப்பை 'ரசிகர் அறக்கட்டளை' என்று தமிழில் எழுதுகின்றனர். இப்பெயர் முதற்பார்வையில் எனக்கு உடன்பாடாக இல்லை. 'ரசிகர்' என்பார் சுவைத்து எழுந்து போகிறவர். 'அறக்கட்டளை' என்றாலோ கொடையும் தருமமும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் கோயில் வழக்கை எண்ணிப்பார்த்தால் அச்சொல்லின் பின்பாதி மிகப் பொருத்தமாக அமைகின்றது. உச்சிக்காலக் கட்டளை, விழாக் கட்டளை என்றெல்லாம் நம் கோயில்களில் உண்டு. கட்டளைதாரர் கோயிலுக்கு உடையவர் அல்லர். ஆயினும், தாம் வைத்த பொருளுக்குரிய பணி நடக்கிறதா என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. உடைமை வேறு, காவல் வேறு என்னும் நுட்பம் அச்சொல்லில் அடங்கியுள்ளது. கழகமும் அத்தகையதே. இன்று பணம் போட்டவருக்கும் அது முழுவுடைமை ஆகாது. இன்று கூவுகின்றவருக்கும் ஆகாது. நேற்று இருந்தோர் விட்டுச் சென்றதை நாளை வருவோருக்காகக் காத்து நிற்பதே அதன் இயல்பு.

இம்முறை நம்மவர்க்குப் புதிதும் அன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்ற காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் வெட்டியோர் சிறுதொகைகளாகச் செலுத்திய பணத்தில், நம் அண்டை மாநிலமான கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அவர்கள் உடைமையாயிற்று. இங்கிலாந்தின் ஆதரவாளர் அமைப்புகள் பலவும் கூட்டுறவு வடிவிலேயே பதிவு பெற்றவை. ஆகவே, 'இஃது ஐரோப்பியர்க்கே ஒத்துவரும்' என்பார் கூற்றுப் பொருந்தாது. தோட்டத்தையே வாங்கியவர் மரபில் வந்தோர்க்கு ஒரு பந்தாட்டக் கழகத்தில் ஒரு பங்கு எட்டாக்கனி அன்று.

கேட்கவேண்டியது எது?

எனினும், முழுவுடைமை கேட்பது இன்றைய நிலையில் அறிவுடைமை ஆகாது. 'வலியறிதல்' அதிகாரத்தில் வருவாயின் அளவறிந்து ஈவதைப் பற்றி வள்ளுவர் கூறுவது கழகத்தை ஆள்வோர்க்கு மட்டுமன்று, அதைக் கேட்போர்க்கும் பொருந்தும். ஆட்டக்காரர் ஊதியத்தை மாதந்தோறும் தாங்கும் வலிமை நுழைவுச்சீட்டு வாங்குவோர் கூட்டத்திற்கு இல்லை. எனவே கேட்கத்தக்கவை மூன்றே.

முதலாவது, கணக்கு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் குடவோலையில் பெயர் எழுதப்பெறத் தகுதியற்றவர் என விதிக்கின்றன. அத்தேர்தலில் நிலமும் கல்வியும் உடைய சிலரே பங்கு பெற்றனர் என்பதை மறைத்து அதைக் குடியாட்சியின் கொடுமுடி என்று புகழ்வது மிகை. ஆயினும், கணக்குப் பற்றிய அவ்விதி ஒன்று போதும். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு சிற்றூர் கேட்டதை இன்று ஒரு கழகத்தைக் கேட்பது மிகையோ? 1994இல் இந்நாட்டுக் காற்பந்தில் ஆட்டத்தை விலைபேசிய ஊழல் வெடித்து, நூற்றுக்கு மேற்பட்டோர் விசாரிக்கப்பட்டதை மூத்தோர் மறந்திரார். கழகம் வள்ளுவர் குறித்த பொருளுக்கே திரும்பிய காலம் அது. கணக்கு மறைந்தவிடத்தில் சூது நுழையும்.

இரண்டாவது, தடுக்கும் உரிமை. பெயர், நிறம், சின்னம், ஆடுமிடம் இவற்றை ஆதரவாளர் இசைவின்றி மாற்றலாகாது. கார்டிஃப் கழகத்தை வாங்கிய நம் நாட்டுச் செல்வர் 2012இல் அதன் நீலச் சட்டையைச் சிவப்பாக்கினார். எதிர்ப்பு ஓயாமையால் 2015இல் நீலமே திரும்பியது. நகர அரங்கத்திலிருந்து நீரிணை கடந்து பத்து காவான் அரங்கத்திற்குச் சென்றபோது தீவினர் பட்ட வருத்தத்தை நாமும் அறிவோம். நாற்பதாயிரம் இருக்கை உள்ள அரங்கில் சில ஆயிரவர் அமர்ந்தால் வெறுமைதான் பெரிதாகத் தெரியும்.

மூன்றாவது, ஆட்சிக்குழுவில் ஓர் இருக்கை. ஒரே இருக்கை எதையும் வென்றுவிடாது. ஆனால் உள்ளே நிகழ்வதைக் காண ஒரு கண் வேண்டும்.

இவற்றைக் கேட்கும் உரிமை, கடமை செய்வோர்க்கே உண்டு. தோற்ற மறுவாரம் அரங்கிற்கு வராதவன், சந்தா செலுத்த மறந்தவன், பொதுக்கூட்டத்திற்கு நாள் குறித்தால் வேலையுண்டு என்பவன் ஆகியோர் கையில் வாக்கைக் கொடுத்தால், எப்ஸ்ஃபிளீட்டின் கதையே இங்கும் நிகழும். ஆதரவாளர் வாதத்தின் இரண்டாம் குறை இதுவே: உரிமையைப் பற்றிப் பேசும் அளவு உழைப்பைப் பற்றிப் பேசுவதில்லை.

பினாங்கு ஆதரவாளரின் முழக்கம் 'ஹரியா' என்பது. போர்த்துக்கீசிய மொழியில் 'அரியார்' என்பது பாயையும் பாரத்தையும் இறக்குதலைக் குறிக்கும் சொல். துறைமுக நகராகிய இங்கு இவ்விரண்டுக்கும் உறவுண்டெனக் கருத இடமுண்டு. அங்ஙனமாயின், கயிற்றைப் பலர் கூடிப் பற்றி, ஒரே குரலில் இறக்கிய உழைப்பாளர் சொல் அது. கரையில் நின்று பார்த்தவர் சொல் அன்று. அம்முழக்கத்தை வாயால் எழுப்புவோர் கையாலும் கயிற்றைப் பற்றும் நாளில், கழகம் யாருடையது என்னும் வினாவுக்கு விடை தானே பிறக்கும்.