சத்தம் போடாத வெறி

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கம் யாரையாவது பற்றி விசாரித்தால் முதலில் வருகிற பாராட்டு 'நல்ல உழைப்பாளி' என்பதுதான். 'கெட்டிக்காரர்' என்பது அதற்குப் பிறகு வரும். மழையை நம்ப முடியாத கரிசல் பூமிக்கு இந்த வரிசை நியாயமானது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறிப் போய், தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அங்கிருந்துதான் சிவகாசியின் கதை தொடங்குகிறது. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று எல்லாம் அந்தப் பிடிவாதத்திலிருந்து கிளைத்தவை. அப்படிப்பட்ட ஊரில், பிறவியிலேயே வந்த திறமை என்று யாராவது சொன்னால் கேட்பவர்களுக்குப் பெரிய மரியாதை எழுவதில்லை.

டென்னிஸ் பேச்சு வந்தாலும் இதே தராசுதான். பிரெஞ்சு ஓபனை 14 முறை வென்ற நடாலைச் சொன்னால், 'மனுஷன் என்ன பாடுபட்டிருக்கான் பாருங்க' என்பார்கள். ஃபெடரர் என்றால், 'அவருக்கென்ன, கையிலேயே இருக்கு.' ராமநாதன் கிருஷ்ணன், அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் பேச்சு வந்ததும் தீர்ப்பு இன்னும் சுருக்கமாக விழும்: 'திறமை இருந்துச்சு, ஜெயிக்கணும்ங்கிற வெறி இல்ல.' சென்னையிலும் டெல்லியிலும் விளையாட்டு எழுதுகிறவர்களும் இதைத்தான் கொஞ்சம் அலங்காரமாகச் சொல்லிவந்தார்கள். எனக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை. அவர்கள் பந்தை அடித்த விதத்தையும் ஆட்டங்களின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், திறமை ஒரு பக்கம், வெறி ஒரு பக்கம் என்று பிரிக்கவே முடியவில்லை.

1961 விம்பிள்டன் கால் இறுதியை எடுத்துக்கொள்வோம். எதிரில் ராய் எமர்சன். அந்த ஆண்டின் ஆஸ்திரேலிய சாம்பியன். பின்னாளில் 12 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள் பெற்று, 2000இல் சாம்ப்ரஸ் தாண்டும்வரை ஆண்களில் அந்த எண்ணிக்கையை யாரும் தாண்டாமல் வைத்திருந்தவர். உடற்பயிற்சிக்கு அந்தக் காலத்து டென்னிஸ் உலகம் காட்டிய முன்மாதிரி அவர்தான். ஐந்தாவது செட்டிலும் முதல் செட்டைப் போலவே ஓடுவார். இந்தப் பக்கம் நின்ற கிருஷ்ணனின் சர்வீஸில் மிரட்டல் எதுவும் கிடையாது. ஆட்டத்தை ஆரம்பித்து வைக்கத்தான் அது. அவருடைய உடம்பும் பந்தய வீரனின் உடம்பு என்று சொல்லத் தோன்றாத உடம்பு. முடிவு 6-1, 6-4, 6-4, கிருஷ்ணனுக்கு. மூன்று செட்டிலும் சேர்த்து எமர்சனுக்குக் கிடைத்தவை ஒன்பதே கேம்கள்.

எப்படி நடந்தது இது? அன்றைய புல்தரையில் பந்து தாழ்ந்து, வழுக்கிக்கொண்டு வரும். சர்வீஸ் போட்ட கையோடு வலைக்கு ஓடிவந்து, பந்து தரையைத் தொடுமுன் அடித்து முடிப்பதுதான் ஆஸ்திரேலியர்களின் வழி. கிருஷ்ணன் அப்படி ஓடிவருகிறவரின் காலடிக்குப் பந்தை இறக்கிவிடுவார். பலத்தோடு வருகிற ஆள் குனிந்து, மேல்நோக்கித் தூக்கிக் கொடுக்க வேண்டியதாகிவிடும். அடுத்த பந்து அவர் கைக்கு எட்டாத சந்தில் போகும். தன் பக்கம் அதே மாதிரி காலடிக்கு வந்த பந்தை, அது தரையிலிருந்து எழுந்த அந்த நொடியிலேயே, மட்டையைச் சும்மா காட்டித் திருப்பி அனுப்புவார். 'ஹாஃப் வாலி' என்ற அந்த அடி மற்றவர்களுக்கு மாட்டிக்கொண்டபோது தப்பிக்கிற வழி. கிருஷ்ணனுக்கு அதுவே தாக்குதலின் ஆரம்பம். மணிக்கட்டு கடைசிவரை தன் எண்ணத்தைச் சொல்லாது. எந்தப் பக்கம் போகப்போகிறது என்று தெரியாததால் எதிராளி ஒரு கணம் நிற்பார். புல்தரையில் ஒரு கணம் நின்றால் போதும், புள்ளி போய்விட்டது.

இப்படி ஆட ஒருவன் எத்தனை ஆயிரம் பந்துகளை அந்த உயரத்தில், அந்த நொடியில் சந்தித்திருக்க வேண்டும்? கற்றுக்கொடுத்தவர் தந்தை டி.கே. ராமநாதன், தானே நல்ல ஆட்டக்காரர். அவர் பயிற்சியில் வளர்ந்த பையன் 1954இல், 17 வயதில், ஆஷ்லி கூப்பரைத் தோற்கடித்து விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை வென்றான். அந்தப் பட்டத்தை வென்ற முதல் ஆசியர். கைவந்த கலை என்று நாம் சொல்லிவிடுகிறோம். கை வரும்வரை நடந்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் மறைந்துபோகிறது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரியவைக்க வேறெங்கும் போக வேண்டியதில்லை. பட்டாசு வாங்க வருகிறவர் சத்தத்தைக் கேட்பார். தொழிலில் ஊறியவர் புஸ்வாணத்தைப் பார்ப்பார். பற்றியதிலிருந்து அணைகிறவரை பொறி ஒரே சீராக ஏறி நிற்கிறதா, நடுவில் திக்குகிறதா, பக்கத்தில் சிதறுகிறதா என்று கவனிப்பார். மருந்தைச் சலித்த பக்குவம், கலந்த அளவு, செலுத்திய இறுக்கம் எல்லாம் அந்தச் சில நொடிகளில் தெரிந்துபோகும். சத்தம் வராததால் அதற்குப் பின்னால் உழைப்பு இல்லை என்று சிவகாசியில் யாரும் சொல்லமாட்டார்கள். கிருஷ்ணனின் ஹாஃப் வாலியை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

மகனிடம் வருவோம். ரமேஷை எங்கள் தலைமுறை தூர்தர்ஷனில் பார்த்தது. 1986 விம்பிள்டனில் அவர் கால் இறுதிவரை போனார். மர மட்டைகள் விடைபெற்று, கிராஃபைட் மட்டைகளால் எல்லோரும் பந்தை வெடிக்கவிட்டுக்கொண்டிருந்த காலம். ரமேஷ் மட்டையைப் பின்னால் இழுப்பதே அரைகுறையாகத்தான் இருக்கும். பந்து எழும்போதே, உச்சிக்குப் போகவிடாமல், நேராக, சுழல் சேர்க்காமல் தட்டிவிடுவார். எதிராளி கொடுத்த வேகத்தையே வாங்கி, திசையை மட்டும் மாற்றித் திருப்பிக் கொடுக்கிற வித்தை அது. பந்து வலைக்கு மேல் சில அங்குலத்தில் பறக்கும். அந்த உயரத்தில் தவறு செய்ய இடமே இல்லை. சுழலைப் போட்டு அடிக்கிறவர் இரண்டடி உயரத்தில் பத்திரமாகக் கடத்துவார். ரமேஷுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒவ்வொரு அடியும் சரியாக இருந்தே ஆகவேண்டும். இரண்டாவது சர்வீஸ் வந்தால் பார்க்கிற நமக்கு வயிற்றைக் கலக்கும், அவ்வளவு மெதுவாகப் போகும்.

அந்தச் சர்வீஸை வைத்துக்கொண்டு உலகத் தரவரிசையில் 23ஆம் இடம்வரை ஏறினார் என்பதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். சர்வீஸால் சும்மா கிடைக்கிற புள்ளிகள் மற்றவர்களுக்கு ஒவ்வொரு கேமிலும் உண்டு. ரமேஷ் ஒவ்வொன்றையும் ஓடி, இடம் பார்த்து, கட்டிச் சம்பாதிக்க வேண்டும். வருடக்கணக்காக, ஊர் ஊராக, அதைச் செய்தவரிடம் வெறி இல்லை என்பது எப்படிப் பொருந்தும்? 1981 அமெரிக்க ஓபன் கால் இறுதியில், பட்டத்தை வெல்லப்போகிற மெக்கன்ரோவிடமிருந்து முதல் செட்டைப் பறித்தார். 1989 ஆஸ்திரேலிய ஓபன் இரண்டாவது சுற்றில் மாட்ஸ் விலாண்டரைச் சந்தித்தார். விலாண்டர் அப்போது உலகின் முதல் நிலை வீரர். முந்தைய ஆண்டு நான்கு பெரிய பட்டங்களில் மூன்றை வென்றவர். அந்தப் போட்டியின் நடப்புச் சாம்பியன். பொறுமையையே ஆயுதமாக வைத்திருந்த ஸ்வீடன்காரரை ரமேஷ் 6-3, 6-2, 7-6 என்று வீட்டுக்கு அனுப்பினார். விலாண்டருக்கு ஒரு புள்ளியை நீட்டிக்கொண்டே போகப் பிடிக்கும். ரமேஷ் பந்தை அரை நொடி முன்கூட்டியே எடுத்து, அந்த நீட்சிக்கே இடம் கொடுக்கவில்லை.

இதே குறை சொல்லப்பட்ட விஜய் அமிர்தராஜின் கதை வேறு. நல்ல உயரம், நல்ல சர்வீஸ், அழகான ஆட்டம். சிறுவயதில் நுரையீரல் கோளாறால் மருத்துவமனையில் பல நாள் கிடந்த பிள்ளை. தாய் மேகி அமிர்தராஜின் விடாப்பிடியால்தான் மைதானத்துக்கு வந்தார். 1981 விம்பிள்டன் கால் இறுதியில் கானர்ஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்டை வென்று, பிறகு மூன்றையும் இழந்தார். இங்கே விமர்சகர்களின் குறையில் ஓரளவு நியாயம் உண்டு என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் ஒரு நோயாளிப் பிள்ளை விம்பிள்டன்வரை நடந்த தூரத்தைக் கணக்கில் சேர்க்காமல் கடைசி மூன்று செட்டை மட்டும் வைத்து மனிதனை அளப்பது எனக்கு ஒப்பவில்லை.

ஃபெடரரே 2024இல் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் இதைப் பேசினார். தான் பாடுபடாமல் ஆடுவதாக உலகம் சொல்வது வெறும் கட்டுக்கதை என்றார். ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் கிட்டத்தட்ட 80 சதவீதம் வென்றவர், ஆடிய புள்ளிகளில் வென்றது 54 சதவீதம்தான். அப்படியானால் அந்த அழகான கைகளும் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று தோற்றிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் அடுத்த பந்துக்கு முகம் மாறாமல் போய் நின்றதால்தான் ஆட்டங்கள் அவர் பக்கம் வந்தன. அந்த முகத்தைப் பார்த்துத்தான் 'இவருக்கு எல்லாம் சுலபம்' என்கிறோம்.

ராமநாதன் கிருஷ்ணனிடம் லட்சியம் போதவில்லை என்பவர்கள் 1959ஐயும் காட்டுவார்கள். அந்த ஆண்டு டேவிஸ் கோப்பையில் ராட் லேவரைத் தோற்கடித்திருந்த அவரைத் தொழில்முறை டென்னிஸுக்கு அழைத்தார், அந்த ஆட்டங்களை நடத்திவந்த ஜாக் கிரேமர். ஒன்றரை லட்சம் டாலர் அளவுக்குப் பேசப்பட்ட ஒப்பந்தம். கிருஷ்ணன் மறுத்துவிட்டார். பணத்தை வேண்டாம் என்றவனுக்கு வேகம் எங்கே இருந்து வரும் என்று கேட்பார்கள். ஆனால் 1968க்கு முன்னால் தொழில்முறை ஆட்டக்காரரானவர் விம்பிள்டனிலும் டேவிஸ் கோப்பையிலும் ஆட முடியாது. அந்தக் கையெழுத்தைப் போட்டிருந்தால் 1960, 1961 விம்பிள்டன் அரை இறுதிகள் இல்லை. எமர்சனும் இல்லை. 1966 டிசம்பரும் இல்லை.

கல்கத்தா சவுத் கிளப்பின் புல்தரை. டேவிஸ் கோப்பையில் இந்தியாவும் பிரேசிலும் 2-2. கடைசி ஆட்டத்தில் இடது கைக்காரர் தாமஸ் கோச். கிருஷ்ணனுக்கு வயது 29. முதல் செட் 3-6, இரண்டாவது 6-4. டை பிரேக் இல்லாத காலம் என்பதால் மூன்றாவது செட் 22 கேம்கள் நீண்டு, 10-12 என்று கையை விட்டுப் போனது. நான்காவதில் 2-5. கோச்சுக்கு இன்னும் ஒரு கேம் போதும்.

அங்கிருந்து ஐந்து கேம்களைத் தொடர்ந்து எடுத்தார் கிருஷ்ணன். 7-5. அந்த ஐந்தில் குறைந்தது இரண்டு, கோச்சின் சர்வீஸை உடைத்தவை. மற்றவற்றைத் தன்னுடைய அந்தச் சாதுவான சர்வீஸை வைத்தே காப்பாற்றியாக வேண்டும். ஐந்தாவது செட் 6-2. கடைசி 13 கேம்களில் 11 கிருஷ்ணனுக்கு. ஒரு கேம் தூரத்தில் தோல்வி நிற்கிறபோது கை இறுகும். இறுகிய கையால் ஹாஃப் வாலி ஆட முடியாது. மட்டையை எப்போதும் பிடிப்பதுபோலவே தளர்வாகப் பிடித்திருந்தால்தான் அந்த 11 கேம்கள் கிடைக்கும். வெறியை இதைவிடத் துல்லியமாகக் காட்டிய ஸ்கோர் எனக்குத் தெரிந்து இந்திய டென்னிஸில் இல்லை.

அந்த வெற்றியால் இந்தியா முதல்முறையாக டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றுக்கு, மெல்பர்னுக்குப் போனது. ஆஸ்திரேலியா 4-1 என்று வென்றது. இந்தியாவுக்கு வந்த அந்த ஒன்று இரட்டையர் ஆட்டத்தில் வந்தது. கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும், 1965இல் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்ற ஜான் நியூகோம், டோனி ரோச் ஜோடியை அவர்கள் சொந்த மண்ணிலேயே தோற்கடித்தார்கள்.