ஒரு துண்டு ஸ்பாஞ்ச்

என் பேஸ் கிட்டாரில் பூட்டியிருக்கும் பொருள்களிலேயே மலிவானது, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சிலிருந்து கத்தரியால் வெட்டிய ஒரு துண்டு. ஆள்காட்டி விரல் நீளம், ஏறக்குறைய அதே பருமன். பிரிட்ஜை ஒட்டி, நான்கு கம்பிகளுக்கும் அடியில் செருகி வைத்திருக்கிறேன். வாங்கிய நாளிலிருந்து ‘தும்ம்ம்ம்’ என்று இழுத்துக்கொண்டே போன வாத்தியம், அதைச் செருகிய அன்று ‘தும்’ என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. அதுவரை கேபிள், பெடல், ஆம்ப் என்று நான் கொட்டிய காசெல்லாம் ஒலியைக் கூட்டுவதற்காகத்தான். ஒலியை அடக்கவும் ஒரு சாமான் வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மிருதங்கக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். கச்சேரிக்கு முன் ரவையைக் குழைத்து, தொப்பி எனப்படும் இடப்பக்கத் தோலின் நடுவில் அப்புவது அவர்களுக்கு அன்றாட வேலை. தோலில் கனம் ஏறும், சுருதி இறங்கும், ‘தொம்’ கனியும். ரவை கூடிப்போனால் மந்தம். குறைந்துபோனால் வெறும் தட்டல். சரியான அளவு எது என்பது கைக்குத்தான் தெரியும். என் ஸ்பாஞ்சும் அப்படித்தான். பிரிட்ஜிலிருந்து அரை அங்குலம் தள்ளிவிட்டால் சுரமே செத்துப்போகிறது. ஒட்டி வைத்தால் உயிர் இருக்கிறது, வால் மட்டும் இல்லை.

இந்த வாலை நறுக்கும் யோசனை பேஸ் கிட்டார் பிறந்தபோதே அதோடு பிறந்தது. 1930களிலேயே சியாட்டிலில் பால் டட்மார்க் என்பவர் மின்சார பேஸ் செய்து பார்த்திருந்தார், அது பரவவில்லை. பரவச் செய்தவர் லியோ ஃபெண்டர். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை நடத்தியவர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்காக 1951இல் தோளில் மாட்டும் பேஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். கம்பி ஒலிக்கும் நீளம் 34 அங்குலம். கழுத்தில் ஃப்ரெட்டுகள் இருந்ததால் சுரம் பிசகாது. அதனாலேயே ‘பிரசிஷன் பேஸ்’ என்று பெயர்.

அந்த வாத்தியத்தில் எனக்குப் பிடித்த பாகம் இன்று பலரிடமும் இல்லாத ஒன்று. பிரிட்ஜின் மேல் பளபளப்பான உலோக மூடி ஒன்று இருந்தது. அதன் உட்புறம் கம்பிகளைத் தொடும்படி ஒரு பட்டை நுரை. டபுள் பேஸின் சுரம் சட்டென்று தணிந்துவிடும். அந்தக் குணம் மின்சார வாத்தியத்திலும் வர வேண்டும் என்றுதான் அந்த நுரை. வாசித்தவர்களோ கைக்கு இடைஞ்சல் என்று மூடியைக் கழற்றி, சிகரெட் சாம்பல் தட்ட வைத்துக்கொண்டார்கள். ‘ஆஷ்ட்ரே’ என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. மூடி போனதோடு நுரையும் போனது. லியோ விடவில்லை. 1960இல் வந்த ஜாஸ் பேஸில் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனி அடக்கி வைத்தார். மியூசிக் மேன் நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்து 1976இல் வந்த ஸ்டிங்ரேயிலும் அது இருந்தது. வாசிக்கத் தெரியாத ஒருவர், சுரம் எப்படி முடிய வேண்டும் என்று 25 ஆண்டுகள் யோசித்திருக்கிறார்!

அவர் நினைத்ததை முழுவதுமாகப் புரிந்துகொண்டவர் என்று நான் ஜேம்ஸ் ஜேமர்சனைச் சொல்வேன். டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனத்தில், ‘ஸ்நேக்பிட்’ என்று அழைக்கப்பட்ட ஸ்டூடியோவில் உட்கார்ந்து 1960களின் அமெரிக்காவையே ஆட வைத்தவர். கையில் 1962ஆம் ஆண்டு பிரசிஷன். மூடியும் நுரையும் இருந்த இடத்திலேயே இருந்தன. தட்டையான நாடா சுற்றிய, கனத்த ஃப்ளாட்வவுண்ட் கம்பிகள். அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். மீட்டியது ஒற்றை ஆள்காட்டி விரலால்; அந்த விரலுக்கு ‘கொக்கி’ என்றே பட்டப்பெயர். அவர் வாசிப்பு சிக்கனமானது இல்லை. தாளத்தின் இடுக்குகளிலெல்லாம் சுரங்களைப் பொழிந்துகொண்டே போவார். அத்தனை சுரங்களும் நீண்டு ஒலித்திருந்தால் ஒன்றின் மேல் ஒன்று படிந்து சேறாகியிருக்கும். ஒவ்வொன்றும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு விலகுவதால்தான் அடுத்ததற்கு இடம் கிடைக்கிறது. இவ்வளவு வாசித்தவரின் பெயர் மோடவுன் தட்டு உறையில் அச்சானது 1971இல், மார்வின் கேயின் ஆல்பத்தில்தான். 1983இல் 47 வயதில் இறந்தார்.

லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோக்களில் அதே காலத்தில் கேரல் கே என்ற பெண்மணி வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தார். கிட்டாரிலிருந்து பேஸுக்கு மாறியவர் என்பதால் பிக் வைத்துத்தான் வாசிப்பார். பிக்கின் கூர்மையான அடியைத் தணிக்க, பிரிட்ஜ் பக்கம் கம்பிகளின் மேலேயே ஒரு துண்டு கம்பளித் துணி. ஜேமர்சனுக்கு மூடிக்குள் நுரை, இவருக்குக் கம்பி மேல் துணி. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், அடக்குவதிலும் ஆளுக்கொரு கைமணம் உண்டு என்று தெரியும்.

இவர்களைக் கேட்ட பிறகுதான் விரல்களின் வேலை எனக்குப் புரியத் தொடங்கியது. இடது கை அழுத்தும்போது சுரம் பிறக்கிறது. அழுத்தத்தைத் தளர்த்தும் கணத்தில் அது முடிகிறது. வலது கைக் கட்டைவிரல் சும்மா இருக்கும் கம்பியில் சாய்ந்துகொண்டு அது தானாக அதிராமல் பார்த்துக்கொள்கிறது. சுரமே இல்லாத வெறும் ‘டக்’ கூட ஒரு சொல்தான். தாளம் போடுகிறவருக்குக் கார்வையும் கணக்கில் சேர்த்தி என்று நம்மவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு இளையராஜாவின் பாடல்களை மறுபடி கேட்டேன். பேஸுக்கும் சுரம் சுரமாக மேற்கத்திய முறையில் எழுதிக் கொடுப்பவர் அவர். அவற்றை வாசித்த சசிதரனின் பெயரை எந்த கேசட் உறையிலும் நான் பார்த்ததில்லை. ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் ‘இளைய நிலா’வில் எல்லார் காதும் கிட்டாரோடு போய்விடும். கீழே பேஸ் தனக்கென்று ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு நடப்பதை ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். ரஹ்மானின் இசையில் கீத் பீட்டர்ஸ் வாசித்தவற்றையும் அப்படிக் கேட்கலாம்.

அந்தக் காலத்தில் இந்தப் பாடல்களை டீக்கடை ரேடியோவில் கேட்டோம். உள்ளங்கை அகல ஸ்பீக்கர். பேஸின் ஆகத் தடித்த கம்பி விநாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. அந்த ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்பவே முடியாது. ஆனாலும் கேட்டது. அதன் மடங்குகளான 82, 123, 164 ஆகியவை காதில் விழுந்தால் போதும், அடியில் இல்லாத 41ஐ மூளை தானே போட்டு நிரப்பிக்கொள்ளும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாம் ரசித்த பேஸில் பாதி நம் தலைக்குள் உண்டானது.

வீட்டில் கதை வேறு. 41 அதிர்வுள்ள ஒலியலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல். என் அறை 3 மீட்டர். உயர்ந்த ஒலிகளைச் சுவர் ஓரளவு தடுத்துவிடும். தாழ்ந்தவை சுவரைப் பொருட்படுத்துவதில்லை. கீழ்வீட்டு மாமா ஒருநாள் மேலே வந்து, “என்னப்பா, மோட்டார் போட்டுட்டு நிறுத்த மறந்துட்டியா?” என்று கேட்டார். அவர் கேட்டது என் மோடவுன் பயிற்சியை.

மற்ற அன்றாடங்களும் உண்டு. சென்னைக் காற்றின் ஈரத்துக்குக் கழுத்து மரம் லேசாக வளையும். கழுத்துக்குள் இருக்கும் உலோகத் தண்டை ஆலன் கீயால் கால் சுற்று திருப்பிவிட்டு ஒருநாள் பொறுக்க வேண்டும். ப்ரீ-ஆம்ப் உள்ள பேஸில் கேபிளைச் செருகியபடியே விட்டுத் தூங்கினால் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துபோகும். தெரிவது பெரும்பாலும் நிகழ்ச்சி நாளில்தான். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பையும் ஒரே அளவில் வைத்தால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும். ஒன்றைக் குறைத்தால் ‘ஙொய்’ என்று திரும்பி வரும். வியர்வையில் மங்கிப்போன ரவுண்ட்வவுண்ட் கம்பிகளைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவிட்டால் சில நாள் பளிச்சென்று ஒலிக்கும். நானும் சமையலறையில் கொதிக்க வைத்தவன்தான். அந்தப் பாத்திரத்தை அம்மா பிறகு அடுப்பில் ஏற்றவே இல்லை. ஃப்ளாட்வவுண்டுக்கு மாறிய பின் அந்த வேலை மிச்சம். பழைய வேட்டித் துணியால் துடைத்து வைத்தால் ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது.

அடக்கம் ஒன்றே அழகு என்று சாதிக்க வரவில்லை. ஜேகோ பாஸ்டோரியஸ் 1962ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ் ஒன்றில் ஃப்ரெட்டுகள் இருந்த பள்ளங்களை அடைத்து, மேலே படகுக்குப் பூசும் எபாக்சியைப் பூசினார். ரவுண்ட்வவுண்ட் கம்பிகள் அந்தக் கண்ணாடிப் பரப்பில் உரசிப் பாடின. 1976இல் வந்த அவருடைய முதல் தனி ஆல்பத்தில் பேஸ் மனிதக் குரலைப் போல நீள்கிறது. அவருடைய வேகமான பகுதிகளைக் கேளுங்கள்: இரண்டு கைகளும் இடைவிடாமல் கம்பிகளை அணைத்துக்கொண்டே இருக்கும். நுரை இல்லை; நுரையின் வேலையை விரல்கள் எடுத்துக்கொண்டன. நீளும் சுரம் நீண்டது என்பது, நறுக்கிய சுரம் பக்கத்தில் இருப்பதால்தான் தெரிகிறது.

புதிதாக பேஸ் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. பெடல் பார்க்கக் கடைக்குக் கிளம்பும் முன் சமையலறைக்குப் போய் வாருங்கள். ஒரு ஸ்பாஞ்சில் நான்கு பேஸுக்குப் போதுமான துண்டு கிடைக்கும்.