உள்தள்ளி எழுதும் அழகு

எந்த நிரல்மொழி பிடிக்கும் என்பது அவரவர் ருசி என்பார்கள். பைத்தான் பிரியர்களின் விருப்பத்தை அப்படி ஒதுக்கிவிட முடியாது. 1991இல் கைடோ வான் ரோசம் வெளியிட்ட அந்த மொழியில், வரிக்கு முன்னால் விடும் இடைவெளியே இலக்கணம். சி மொழியில் அந்த இடைவெளி பார்வைக்கு மட்டும்தான். கணினிக்கு அடைப்புக்குறியே கணக்கு. 2014இல் ஆப்பிள் நிறுவனத்தின் சி நிரலில் வெளிப்பட்ட பிழையைப் பாருங்கள். ‘கோட்டு ஃபெயில்’ என்ற வரி தவறுதலாக இரண்டு முறை வந்துவிட்டது. இரண்டும் ‘இஃப்’ நிபந்தனைக்குள் இருப்பதுபோலவே உள்தள்ளி நின்றன. அடைப்புக்குறி இல்லாததால் இரண்டாவது வரி எப்போதும் இயங்கி, கையொப்பச் சரிபார்ப்பையே தாண்டிப் போனது. பைத்தானின் விதிப்படி அது நிபந்தனைக்குள் அடங்கி, தீங்கின்றிக் கிடந்திருக்கும். நகலெடுத்து ஒட்டும்போது இடைவெளி குலைந்தால் பொருளே மாறாதா என்ற ஆட்சேபம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் குலைவு பெரும்பாலும் கண்ணில் பட்டுவிடும். ஆப்பிளின் பிழையோ கண்ணையே ஏமாற்றியது. அதனால் என் ஓட்டு பைத்தானுக்கே.